ஓரிரு இடங்களில் இடியுடன்

"வடக்குச் சமவெளியில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று வானிலை அலுவலகக் கம்ப்யூட்டரில் இந்தியில் அடித்துவிட்டு செண்பகவல்லி அதைப் படித்துப் பார்த்தாள். கோடை பிறந்ததிலிருந்து அன்றாடம் அடிக்கிற வாக்கியம்தான், யோசிக்காமலே கை அடித்துவிடும். இன்றைக்கு அந்த 'ஓரிரு'வில் கண் போய் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. கோவில்பட்டியில் அம்மா டிவி பார்த்துக்கொண்டே போனில் கேட்பாள், "ஏட்டி, ஓரிரு இடம் ஓரிரு இடம்ங்கீங்களே, அந்த எடத்துக்கெல்லாம் பேரு கெடையாதா?" என்று. செண்பகவல்லி சிரித்து மழுப்பிவிடுவாள். எப்படி விளக்குவது? உலை கொதிக்கப்போகிறது என்று சொல்லலாம், முதல் குமிழி பானையின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் என்று யார் சொல்வது? காலையில் விட்ட பலூன் அனுப்பிய கணக்கைப் பார்த்தால் இன்றைக்கு உலை நன்றாகவே கொதிக்கும். கீழே கிழக்குக் காற்று, இந்த ஊர்க்காரர்கள் புர்வையா என்பார்களே, அது வங்காளக் கடலின் ஈரத்தை முதுகில் சுமந்து கொண்டுவந்து கங்கையின் இரண்டு கரையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று மூடி போட்டதுபோல் அதை அமுக்கிக்கொண்டிருந்தது. மூடி எங்கே தூக்கும்? எப்போது தூக்கும்? ஏசி அறையில் உட்கார்ந்திருந்தும் கழுத்தோரம் வேர்த்தது. பக்கத்து மேஜையில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நௌஷாத் வழக்கம்போலச் சோம்பை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். அந்த வாசனை அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்குப் பிடிக்கும். ஆவுடையப்பன். அந்தப் பெயரை நினைக்கக் கூடாது என்றுதானே மதியம் சாப்பிடாமல்கூட வந்து உட்கார்ந்தாள்? நினைப்பு எந்த வாசலைச் சாத்தினாலும் சன்னல் வழியாக வந்துவிடுகிறது, சோம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டுகூட.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தத் தெரியாத மனுஷன். காலையில் காய் வாங்கப் போன இடத்தில் இவளுடைய மேலதிகாரி உபாத்யாய் சாரின் சம்சாரம் அவரிடம், "நீங்க சென்னைக்குப் போகலையாமே, நல்லது, சம்பாஜி இல்லாம எங்க வீட்டுக்காரருக்குக் கையொடிஞ்ச மாதிரி ஆயிடும்" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். இந்த ஊரில் யாருக்கும் செண்பகவல்லி என்று சொல்ல வராது, சம்பா ஆக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் மேல் தப்பில்லை. சென்னைக்கு மாற்றல் வந்ததும், வேண்டாம் என்று இவள் சொன்னதும் வீட்டில் தெரியாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆவுடையப்பன் பையிலிருந்து பாகற்காயை ஒவ்வொன்றாக எடுத்து அடுப்படி மேடையில் வைத்தார். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு, "மெட்ராஸ் வந்துச்சாமே" என்றார். "வந்துச்சு." "வேண்டாம்னுட்டியாமே." "ஆமா." அவ்வளவுதான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று செருப்பு மாட்டும்போதுதான், திரும்பிப் பார்க்காமல், "ஊர்ல இருக்கவன் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லுதே. வீட்டுக்குள்ள இருக்க ஒருத்தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல, என்ன?" என்றார். சாப்பாட்டுத் தூக்குச் சட்டி அடுப்படி மேடையிலேயே இருந்தது. மழைக்கோட்டு ஆணியிலேயே தொங்கியது. அவர் போன திசை இவளுக்குத் தெரியும், சிவராஹா மாவட்டம். கண்டகி ஆற்றுக்கு அந்தப் பக்கம். விதைக் கம்பெனிக்காகப் பாசிப்பயறு போட்டிருக்கிற வயல்களில் இப்போது காய் பறிப்பு. பெண்கள் வரிசையாகக் குனிந்து பறிப்பார்கள், இவர் வரப்பில் நின்று மேற்பார்வை பார்ப்பார். கண்ணுக்கு எட்டின தூரம் வரை சமதரையான வயல். அதில் நிமிர்ந்து நிற்கிற ஒரே உருவம் ஆவுடையப்பனாகத்தான் இருக்கும். நிமிர்ந்து நிற்பதைத்தானே மின்னல் தேடும். சே, என்ன நினைப்பு இது.

தூத்துக்குடியில் நல்ல உர வியாபாரம் இருந்தது அவருக்கு. இவளுக்கு வேலை இங்கே என்றதும் அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல், இவள் பின்னாலேயே ரயிலேறி வந்தவர். ஊரில் சொந்தக்காரர்கள், 'பொண்டாட்டி முந்தானையப் பிடிச்சுட்டுப் போயிட்டான்' என்று அவர் காதுபடவே பேசினார்கள். அதை ஒரு நாள் சிரித்துக்கொண்டே இவளிடம் சொன்னார். முதல் குளிர்காலத்தில் மூடுபனியில் வழிதெரியாமல் வீட்டுத் தெருவையே மூன்று சுற்று சுற்றி வந்து கதவைத் தட்டி, "இது என்ன ஊருட்டி, ஊரையே காணும்" என்றார். அப்புறம் இந்தி படித்து, போஜ்புரியில் வசவு வரைக்கும் கற்று, பயறு பறிக்கிற பெண்களுக்கு அண்ணனாகி, சுட்ட மாவுருண்டையும் மசியலுமாக லிட்டி சோக்கா தின்னவும் பழகிவிட்டார். ஆனாலும் தை மாதம் வந்தால் முகம் மாறிவிடும். எப்போது திரும்பப் போகிறோம் என்று கேட்க மாட்டார். கேட்காமலிருப்பதே ஒரு கேள்விதான், வருஷக்கணக்காக வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் மெட்ராஸ் என்று வந்தபோது, இவள் வாங்கிப் பார்த்து, அவருக்குத் தெரியாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன்? வேலைக்காக என்று அவரிடம் சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை. முழுசு எது என்று தோண்டப்போனால் ஏதோ தட்டுப்படுகிறது, கை பின்வாங்கிக்கொள்கிறது.

"சம்பாஜி, பிறந்துடுச்சு" என்றான் நௌஷாத். திரையில் மேற்கு ஓரத்தில், மதன்கஞ்சுக்கும் அந்தப் பக்கம், பச்சையாக ஒரு பொட்டு. அதன் நடுவில் மஞ்சள். அவள் நாற்காலியை அவன் பக்கம் உருட்டிக்கொண்டு போனாள். அடுத்த படம் வந்தபோது பொட்டு இரண்டாகி, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது முளைத்திருந்தது. இதற்காகத்தானே இங்கே இருக்கிறாள்? தெற்கே புயல் என்றால் அது நாள்கணக்கில் கடலில் கிடக்கும், பெயர் வைப்பார்கள், டிவிக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார்கள். இங்கே இடிமேகம் ஈசலைப்போல. மதியம் பிறந்து, பொழுது சாய்வதற்குள் ஆளைக் கொன்றுவிட்டுச் செத்துப்போகும். பெயர் கிடையாது. இந்த ஊர்க்காரர்கள் விழுகிற இடிக்கு மட்டும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், டன்கா. 'டன்கா விழுந்துச்சு' என்பார்கள், தேங்காய் விழுந்துச்சு என்கிற மாதிரி. இங்கே வந்த முதல் வருஷம் விசாரணைக் குழுவோடு ஒரு கிராமத்துக்குப் போனாள். மாந்தோப்பில் ஒதுங்கிய பெண்கள். பிழைத்த ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், ஒரு காது கேட்கவில்லை, அதனால் கத்திக் கத்திப் பேசினாள். எச்சரிக்கைச் செய்தி வந்ததா என்று இவள் கேட்டதற்கு, "வந்துதே! போன் பைக்குள்ள இருந்துது. பை மரக்கிளையில தொங்குச்சு" என்று கத்தினாள். சரியான நேரத்தில் போன செய்தி. அவர்களின் தலைக்கு மேலேயே, பைக்குள் கிடந்து கூவியிருக்கிறது. அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது உபாத்யாய் சார், "நம்ம வேலை அனுப்புறது வரைக்கும்தான் சம்பாஜி" என்றார். அவர் நல்லவர். அவரும் ராத்திரி தூங்கவேண்டுமே. இவளுக்கு அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மெட்ராஸ் வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணமா? அதுவும்தான். அது மட்டும்தானா?

போனை எடுத்து ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை மணி அடித்ததும் கட் ஆனது. அவரேதான் கட் பண்ணியிருக்கிறார். கோபமாக இருக்கிறார். கோபமாக இருக்கிறார் என்றால் உயிரோடு இருக்கிறார். இப்படி ஒரு கணக்கா? அங்கே இன்னும் வெயில்தானே அடிக்கிறது, உயிருக்கு என்ன? திரையில் மூன்று பொட்டும் சேர்ந்து ஒரு கோடாகிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் கணக்கு, காலையிலிருந்தே, இந்தக் கூட்டம் நேபாள மலையடிவாரத்தை ஒட்டி வடக்கே போய்விடும் என்கிறது. கோடு இன்னும் அந்தக் கணக்கை மீறவில்லை. ஆனால் அதன் தெற்கு முனை, அந்த முனை மட்டும், கொஞ்சம் கீழே குனிகிற மாதிரி இல்லை? இருக்கிறது. இல்லை. இருக்கிறது. குனிந்தால் நேரே சிவராஹா. போன வாரம் இதே சிவராஹாவுக்கு இவள்தான் ஆரஞ்சு எச்சரிக்கை போட்டாள். சந்தையைக் கலைத்தார்கள், பள்ளிக்கூடத்தை விட்டார்கள், ஒரு கல்யாணப் பந்தலைக்கூடப் பிரித்துவிட்டார்களாம். மேகம் ஆற்றோடு நின்று கரைந்துபோனது. ஒரு சொட்டு விழவில்லை. மாவட்டப் பேரிடர் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் போட்டு, "மேடம், உங்க மேகம் எங்க ஊரைத் தாண்டி எங்க போச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களா? பந்தல்காரன் வந்து வாசல்ல உக்காந்திருக்கான்" என்றார். அந்தக் குரலில் இருந்த எகத்தாளம்கூடப் பெரிதில்லை. கடைசியில், "அடுத்த தடவை ஜனங்க நம்ப மாட்டாங்க மேடம்" என்றார் பாருங்கள், அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அடுத்த தடவை என்பது இதுதானா?

உபாத்யாய் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்றார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது அவருக்கு. நிதானமாகப் பார்த்துவிட்டு, "மதன்கஞ்சுக்கு ஆரஞ்சு. சிவராஹாவுக்கு மஞ்சள் போதும். திரும்புச்சுன்னா பிறகு மாத்திக்கலாம்" என்றார். மஞ்சள் என்றால் 'கவனமாக இருங்கள்'. கவனமாக இருந்துகொண்டே பயறு பறிப்பார்கள். சிவப்பு என்றால் 'உடனே போங்கள்'. திரும்பின பிறகு மாற்றினால், மாற்றின செய்தி போய்ச் சேருவதற்குள் மேகம் சேர்ந்துவிடும். "சரி சார்" என்றது அவள் வாய். கை அடிக்கவில்லை. அவள் கண்ணுக்கு சிவப்பாகத் தெரிகிறது. உண்மையிலேயே தெரிகிறதா, தெரியவேண்டும் என்று பார்க்கிறாளா? அங்கே ஆவுடையப்பன் நிற்காவிட்டால் இந்த முனை குனிவது அவள் கண்ணில் பட்டிருக்குமா? படித்த படிப்பு, பார்த்த ஆயிரம் மேகம் எல்லாம் ஒரு பக்கம். வரப்பில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷன் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே கண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் எதை நம்புவது? சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, தெருவில் போன ஒவ்வொரு வண்டியும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவருகிற வண்டியாகவே கேட்டது. அப்பா அடுத்த நாள் நடந்தே வந்தார். பயம் காதை அப்படிச் செய்யும் என்றால் கண்ணைச் செய்யாதா? அவள் வரைபடத்தில் மாவட்டப் பெயர்களையும் எல்லைக் கோடுகளையும் அணைத்தாள். இப்போது கருப்புத் திரையில் நிறங்கள் மட்டும். ஊரில்லை, ஆறில்லை, யார் புருஷனும் இல்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுப் பிறகு திறந்தாள். முனை குனிந்துதான் இருந்தது. அதற்கு முன்னால் மெலிசாக ஒரு வளைவு, தலைமயிர் போல, மேகத்தைவிட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மேகத்துக்குள்ளிருந்து கொட்டிய குளிர்காற்று தரையில் மோதி ஓடுகிற வளைவு. கிழக்குக் காற்று எதிரே வருகிறது. இரண்டும் முட்டுகிற இடத்தில் மூடி தூக்கும்.

அணைத்த பெயர்களை மறுபடி போட்டாள். முட்டுகிற இடத்தில் எழுத்து எழுத்தாக வந்து நின்றது, சிவராஹா. நம்பலாமா? பெயரை மறைத்தாலும் அந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இத்தனை வருஷம் பார்த்த வரைபடம், வீட்டு அடுப்படி மாதிரி, இருட்டிலும் கை போகும். தன்னைத்தானே ஏமாற்றுகிற பரீட்சை. பாஸ் போட்டதும் அவள்தான். எழுந்தாள். உபாத்யாய் சாரின் அறைக்குப் போய்க் கதவருகே நின்று, "சார், சிவராஹாவுக்கு சிவப்பு போடணும்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "போன வாரம் பட்டது போதாதா சம்பாஜி?" அவள் சொன்னாள். காற்று முட்டுவதை, வளைவை, காலைக் கணக்கில் தேங்கியிருந்த ஈரத்தை. எல்லாவற்றையும் கோவையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் சொன்னதெல்லாம் பாதிதான். "இன்னொண்ணு சார். எங்க வீட்டுக்காரர் இப்ப சிவராஹாலதான் இருக்கார். வயல்ல. காலையில சண்டை போட்டுட்டுப் போனார். போன் எடுக்க மாட்டேங்கறார். அதனால நான் பார்க்கிறது பயத்துல பார்க்கிறதா இருக்கலாம். எனக்கே தெரியல. நீங்க ஒரு தடவை பாருங்க." சொன்னதும் முகம் சுட்டது. இத்தனை வருஷத்தில் இந்த அறையில் வீட்டை அவள் கொண்டுவந்ததேயில்லை. உபாத்யாய் எழுந்து வந்தார். நௌஷாத்தின் நாற்காலியைத் தள்ளச் சொல்லி, திரைக்கு முன்னால் குனிந்து, படத்தைப் பின்னால் ஓட்டினார். முன்னால் ஓட்டினார். மறுபடி பின்னால் ஓட்டினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வயலில் எத்தனை காய் பறித்திருப்பார்கள், சீக்கிரம் சார், சீக்கிரம். "நௌஷாத், நீ என்ன சொல்றே?" "கீழேதான் சார் இறங்குது." அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். "பந்தல்காரன் மறுபடி வருவான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு அவளைப் பார்த்து, "போடுங்க. சிவப்பு. உங்க வீட்டுக்காரர் அங்க இல்லாட்டாலும் இது சிவப்புதான்" என்றார்.

அடித்தாள். அடுத்த மூன்று மணி நேரத்துக்குள், பலத்த இடி மின்னல், சூறைக்காற்று, திறந்தவெளியில் இருப்பவர்கள் உடனே உறுதியான கட்டடத்துக்குப் போகவும், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். ஒருவர் பார்த்து, இன்னொருவர் ஒப்புதல் கொடுத்து, அது போய்விட்டது. சிவராஹாவில் இருக்கிற எல்லாக் கைபேசிக்கும். மாவட்டக்காரரும் கூப்பிட்டார், "நிச்சயமா மேடம்?" என்றார். "நிச்சயமா" என்றாள். அந்த வார்த்தையை இந்த வேலையில் சொல்லவே கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போனை வைத்த விரல் நடுங்கியது. வராவிட்டால்? அடுத்த தடவை உண்மையிலேயே வரும்போது ஒருவனும் நகர மாட்டான், அந்தச் சாவெல்லாம் இவள் கணக்கு. வந்தால்? வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா? கோவில்பட்டி அம்மன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் இவளுக்கு, அந்தத் தாய்க்குத்தான் தெரியும் எதைக் கேட்பதென்று. ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. கட் பண்ணவில்லை. எடுக்கவுமில்லை. கட் பண்ணினாலாவது பரவாயில்லையே. போன் எங்கே இருக்கும்? வண்டிப் பைக்குள். வண்டி எங்கே நிற்கும்? நிழலுக்காக மரத்தடியில். 'வயல்ல நிக்காதீங்க, மரத்தடி வேண்டாம்' என்று அடித்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்த அடையாளமே வரவில்லை. அதற்குக் கீழே 'சொல்லியிருக்கணும்' என்று அடித்தாள். எதை என்று அவருக்குப் புரியும். அழித்துவிட்டாள். இப்போது அனுப்பினால் அது கடைசி வார்த்தை மாதிரி இருக்கும்.

மதன்கஞ்சைத் தாண்டும்போது கோட்டின் தெற்கு முனை கருஞ்சிவப்பாகிவிட்டது. நௌஷாத் சோம்பு மெல்வதை நிறுத்தியிருந்தான். பிறகு சிவராஹாவின் மேல் அது வந்து உட்கார்ந்தது. திரையில் ஒரு உள்ளங்கை அகலம்கூட இல்லை, சத்தமில்லை, காற்றில்லை, பார்க்க ஏதோ மருதாணி அப்பின மாதிரி. அதற்குக் கீழே என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் புழுதி. பிறகு பட்டப்பகல் இருண்டுபோகும். தகரங்கள் பறக்கும். லிச்சித் தோப்பில் கிளை முறியும். பிறகு மின்னல். மின்னல் விழுகிற இடமெல்லாம் இன்னொரு திரையில் சின்னச் சின்னக் கூட்டல் குறியாக விழுந்துகொண்டே இருந்தது. ஒன்று, பக்கத்தில் ஒன்று, எண்ண முடியாமல் குவியலாக. ஒவ்வொரு கூட்டல் குறியும் ஒரு இடம். இப்போது இடத்துக்கெல்லாம் பெயர் இருக்கிறது அம்மா, உருட்டினால் ஊர் பெயர்கூட வரும், உருட்ட எனக்குத் தைரியம் இல்லை. தான் சொன்னது பலித்துவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது, பார்த்தாயா நான் சொன்னேனே என்று. உடனே அருவருப்பாக இருந்தது. கழுத்தைப் பிடித்து அதைக் கீழே அமுக்கினாள். மறுபடி கூப்பிட்டாள். இப்போது மணியே அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் இந்தியில் மரியாதையாகச் சொன்னது. கோபுரங்களுக்குக் கரண்டு போயிருக்கும். அவ்வளவுதான். எப்போதும் நடப்பதுதான். காலையில் பாகற்காயை ஒவ்வொன்றாக எடுத்து வைத்த கை. நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். 'வேண்டாம்னுட்டியாமே.' 'ஆமா.' ஆமாவுக்குப் பிறகு ஒரு வாக்கியம் இருந்தது, அது வாய் வரைக்கும் வந்தது, இவள் கேஸை அணைக்கத் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றுமேயில்லை அப்போது.

மாவட்டக்காரர்தான் முதலில் கூப்பிட்டார். இந்தத் தடவை எகத்தாளம் இல்லை, பின்னணியில் மழையும் ஆட்களின் சத்தமும். "மேடம், ஜனங்க பாதிக்குமேல நகர்ந்துட்டாங்க. பள்ளிக்கூடம் எல்லாம் நிரம்பிடுச்சு. மாடுங்க போயிருக்கு. ஆள் ஒருத்தர்." "யாரு?" "தெரியல. ஆத்துக்கரை ரோட்டுல. மோட்டார் சைக்கிள் பக்கத்துல கிடந்திருக்கார். வெளியூர்க்காரர்ன்னு சொல்றாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்." கட் ஆகிவிட்டது. அவள் ரிசீவரை வைக்கவில்லை. மோட்டார் சைக்கிள். வெளியூர். கையில் பிடித்திருந்த ரிசீவர் உஸ்ஸென்று இரைந்தது. வெளியூர்க்காரர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பாலத்து வேலைக்கு வந்தவர்கள், போன் கம்பெனிக்காரர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள். எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அவர் ஆற்றங்கரை ரோட்டில் ஏன் வரப்போகிறார்? வீட்டுக்கு வருவதற்கு அதுதான் வழி. கோபம் தணிந்திருக்கும். தணிந்தால் சாப்பிட வருவார். தூக்குச் சட்டி மேடையில் இருப்பது ஞாபகம் வந்து கிளம்பியிருப்பார். கோபமாகவே இருந்திருக்கக் கூடாதா கடவுளே, சாயங்காலம் வரைக்கும், ராத்திரி வரைக்கும். நௌஷாத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். யாரோ மழைக்கோட்டைப் பற்றிப் பேசுவது போலிருந்தது, இல்லை, அவள்தான் வாய்விட்டு "கோட்டு எடுத்துட்டுப் போகல" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். உபாத்யாய் சார் கதவருகே வந்து நின்றார். மேஜைமேல் இருந்த கைபேசி அடித்தது. தெரியாத எண். ஆஸ்பத்திரியிலிருந்து, போலீஸிலிருந்து, தெரியாத எண்ணிலிருந்துதான் சொல்வார்கள். எடுத்தாள். இரைச்சல். தகரத்தின்மேல் மழை கொட்டுகிற இரைச்சல், பெண்கள் பேசுகிற சத்தம். பிறகு, "ஏய், நான்தான்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "கேக்குதா? என் போனுல டவர் இல்ல. இது மேஸ்திரி போன். இங்க செங்கச் சூளைக்காரன் ஆபீஸ்ல இருக்கோம். எல்லாரும் இருக்கோம்." "ஆத்துக்கரை ரோட்டுல..." "அங்க யாரு போனா? நான் இங்கதான் இருக்கேன்." அப்படியென்றால் அது வேறொருவர். அவளுக்குள் ஏதோ சரிந்து விழுந்தது, நிம்மதிதான் அது. அந்த நிம்மதியின் மேலேயே அந்த வேறொருவரும் கிடந்தார், வண்டிக்குப் பக்கத்தில், பெயர் தெரியாமல். "அழாதே" என்றார் ஆவுடையப்பன். அழுகிறோமா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "மேஸ்திரிக்குத்தான் செய்தி வந்துச்சு. சத்தமா வாசிச்சான். நான், போன வாரம் மாதிரிதான் இருக்கும், இன்னும் ரெண்டு வரிசை முடிச்சுட்டுப் போலாம்னேன். அந்தப் பொம்பளைங்க என் பேச்சையே கேக்கல செம்பகம். கூடையக் கீழ போட்டுட்டு ஓடுனாங்க. ஒருத்தி என் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு ஓடுனா. உள்ள நுழையுதோம், வெளிய இடி விழுது. வரப்புல. நான் நின்ன வரப்புல." தகரத்தில் மழை இன்னும் வலுத்தது. "நீதானே போட்டே?" "நாங்க மூணு பேரும் பாத்துப் போட்டோம்." "ம்." பிறகு, கத்தத் தெரியாத அந்த மனுஷன், தகரச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே என்பதற்காகக் கத்திக் கேட்டார்: "மெட்ராஸ் வேண்டாம்னு சொல்லுததுக்கு முன்னால என்கிட்ட ஏன்ட்டி கேக்கல?" சுற்றிலும் பெண்கள் நிற்பார்கள். தமிழ் யாருக்கும் புரியாது. இங்கே நௌஷாத்தும் உபாத்யாயும் நிற்கிறார்கள், இவர்களுக்கும் புரியாது. தோண்டத் தோண்டத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது எதுவென்று அவளுக்கு அப்போது தெரிந்தது. கை பின்வாங்கவில்லை. "கேட்டா நீங்க சரின்னு சொல்லிருவீங்க" என்றாள். "தூத்துக்குடிய விட்டப்ப சொன்ன மாதிரி. உன் இஷ்டம்ட்டின்னு சொல்லிட்டுப் போய் வண்டியத் துடைப்பீங்க. அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்ல. அதான்." அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. அல்லது காற்றா. "இந்தத் தடவ சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "தெரியல. சொல்லியிருப்பேனோ என்னமோ. நீ கேட்டிருக்கணும்." "கேட்டிருக்கணும்" என்றாள். "வீட்டுக்கு வந்து சண்டை போடுதேன்." "வாங்க. மழை விட்டு அரை மணி கழிச்சுக் கிளம்புங்க. உடனே கிளம்பாதீங்க." "சரிட்டி."

"சம்பாஜி" என்றான் நௌஷாத், மெதுவாக, குறுக்கிடுவதற்கு வெட்கப்படுகிறவனைப்போல. "பேலாகாட்." கோடு சிவராஹாவை விட்டுக் கிழக்கே நகர்ந்துவிட்டது. முன்னால் அந்த மெலிந்த வளைவு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. "வைக்கட்டுமா? அடுத்த மாவட்டம்" என்றாள். "வை, வை." வைத்தாள். பேலாகாட்டில் அவளுக்கு யாரையும் தெரியாது. அந்தப் பக்கம் போனதேயில்லை, ஆவுடையப்பனுக்கும் அங்கே வயல் கிடையாது. இனி நிதானமாகப் பார்க்கலாம், கண்ணுக்குள் யாரும் நிற்கவில்லை, படிப்பு மட்டும்தான் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வளைவைப் பார்த்தாள், எதிர்க்காற்றைப் பார்த்தாள். அங்கேயும் யாரோ குனிந்து எதையோ பறித்துக்கொண்டிருப்பார்கள், யாருடைய வண்டியோ நிழலுக்காக மரத்தடியில் நிற்கும், யாரோ யாருடைய போனையோ கோபத்தில் கட் பண்ணியிருப்பார்கள். விசைப்பலகையில் விரலை வைத்தாள். விரல் நடுங்கியது, சிவராஹாவுக்கு நடுங்கியது போலவே, கொஞ்சம்கூடக் குறையாமல். அதை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு நடுங்குகிற விரலாலேயே 'சிவப்பு' என்று அடித்து, உபாத்யாயைத் திரும்பிப் பார்த்தாள்.